பத்தில் தொடங்கும் நாடா

தீர்ப்புகள் ஆயிரம் எழுதிய கையால் இன்று என் பெயரைச் சீட்டில் எழுதி அழைத்திருக்கும், இந்த அவையின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே! நகரமன்ற உறுப்பினர்களே! முன்வரிசையில் முந்திவந்து அமர்ந்திருக்கும் மூத்தோரே! பிள்ளையை மடியிலும் பையைத் தோளிலும் தாங்கியபடி இரண்டு மணி நேரமாக இருக்கையை விடாத தாய்மார்களே! ஆறாம் நடைமேடையில் சுமையை இறக்கிவைத்துவிட்டு, அந்தத் தூணோரம் நின்றபடியே செவிகொடுக்கும் சுமைதூக்கும் தோழர்களே! பேச்சுக் கேட்க வராமல், ஐந்தே முக்கால் வண்டியைப் பிடிக்க வந்து, கூட்டத்தில் சிக்கிக்கொண்ட பயணிகளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

பயணிகள் பதற வேண்டாம். வண்டி இருபது நிமிடம் தாமதமாம். நானும் அதற்குள் முடித்துவிடுவேன்.

இது வழியனுப்பு விழா. நூற்று முப்பது ஆண்டுகள் நம்மை வழியனுப்பிய இந்த மண்டபத்தை நாம் வழியனுப்பக் கூடியிருக்கிறோம். நாளை மறுநாள், திங்கட்கிழமை காலை, இடிக்கும் இயந்திரம் வாசலில் வந்து நிற்கும். ஏன் இடிக்கிறார்கள்? தெற்குச் சுவர் உள்ளே சாய்ந்திருக்கிறது என்று ஒரு பொறியாளர் அறிக்கை எழுதினார். பக்கம் நாற்பத்தொன்று. கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்து என்னுடையது.

இடிக்கச் சொன்னவனையே இரங்கல் உரைக்கும் அழைத்திருக்கிறார்கள். சிக்கனமான ஏற்பாடு. சிரிக்கலாம், தவறில்லை.

மேடைக்கு இடப்பக்கம், தெற்குச் சுவரோரம், மேலிருந்து ஒரு கயிறு தொங்குகிறதே, அதன் நுனியில் பித்தளைக் குண்டு இருக்கிறதே, அதைப் பலர் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். அது அலங்காரம் இல்லை. தயவுசெய்து யாரும் தொடவேண்டாம். தம்பி, அந்த மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில், என்னிடம் கேட்டுக்கொண்டபடி, வரலாறு.

கடல் கடந்து வந்தவர்கள் இந்த ஊரை ஆண்ட காலம். துறைமுகத்தில் இறங்கிய சரக்கு உள்நாட்டுக்குப் போகவேண்டும், உள்நாட்டில் விளைந்தது துறைமுகத்துக்கு வரவேண்டும். அதற்குத் தண்டவாளம் வந்தது. தண்டவாளத்துக்கு ஒரு தலைவாசல் வேண்டும் என்று இந்த நிலையம் வந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் செதுக்கிய கல்லும் சேர்ந்து எழுந்த சுவர்கள்! வில்லென வளைந்து விண்ணை அளக்கும் வாயில்கள்! அண்ணாந்து பார்ப்பவன் தலையிலிருந்து தொப்பி விழவேண்டும் என்றே திட்டமிட்ட உயரம்! இவ்வளவு உயரம் எதற்கு? காற்றோட்டத்துக்கா? அதற்கு இதில் பாதி போதும். மீதிப் பாதி, உள்ளே வருகிறவன் தன்னைச் சிறியவனாக உணர்வதற்கு.

இதை வரைந்த கட்டடக்கலைஞர் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. தம் ஊரில், தம் மேசையில் அமர்ந்து வரைந்தார். அவர் ஊரில் பனி பெய்யும். ஆகவே நம் கூரையை, முழங்கால் உயரப் பனி விழுந்தாலும் தாங்கும்படி கணக்கிட்டிருக்கிறார். இந்த ஊரில் பனி விழுந்து பார்த்தவர் யாராவது உண்டா? அங்கே ஒரு ஐயா கையைத் தூக்குகிறார். ஐயா, ஐஸ் பெட்டிக்குள் பார்த்தது கணக்கில் வராது.

பெண்கள் காத்திருக்கும் அறையில் குளிர்காயும் அடுப்பு வைத்துப் புகைபோக்கியும் கட்டினார். நூற்று முப்பது ஆண்டுகளில் அதில் நெருப்பு எரிந்ததற்கான கரி ஒரு சிட்டிகைகூட இல்லை. புறாக்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றன, வாடகை இல்லாமல்.

கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் பதினான்கு. எல்லாம் அங்கே வார்க்கப்பட்டு, எண் குத்தப்பட்டு, பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தன. ஒன்பதாம் சட்டத்தின் பெட்டிகள் மட்டும் வரவில்லை, கடலோடு போய்விட்டன. மறுபடி வரவழைக்க எட்டு மாதம் ஆகும். உள்ளூர்க் கொல்லர்கள் எட்டாம் சட்டத்தைத் தரையில் கிடத்தி, அதைப் பார்த்துப் பார்த்து, அடித்து அடித்து, ஒன்பதாவதைச் செய்து தூக்கி மாட்டினார்கள். கடல் கடந்து வந்த தலைமைப் பொறியாளர் பார்த்துவிட்டு, 'பதினான்கும் நம் நாட்டுத் தரத்துக்குச் சான்று' என்று கடிதம் எழுதினார். எது நம்முடையது என்று அவருக்குத் தெரியவில்லை. நூறு ஆண்டுக்கு மேலாக யாருக்கும் தெரியவில்லை. சென்ற ஆண்டு என் மனைவிக்குத் தெரிந்தது. சுத்தியலடியின் தடம் இருக்கிறது, எண் இல்லை. அண்ணாந்து பாருங்கள், கடிகாரத்துக்கு நேர் மேலே. அதுதான்.

இப்போது பயணச்சீட்டு ஜன்னல்கள். முதல் வகுப்பு ஜன்னலின் உயரம் தரையிலிருந்து நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர். நின்றபடி, நெஞ்சு நிமிர்ந்து, சீட்டு வாங்கலாம். மூன்றாம் வகுப்பு ஜன்னல்? தொண்ணூற்றிரண்டு. அந்த உயரத்தில் முகத்தைக் கொண்டுபோக ஒரு மனிதன் முதுகை எவ்வளவு வளைக்கவேண்டும்? அதை வரைந்தவருக்கு அளவு தெரியாதா? தெரியும். பக்கத்திலேயே நூற்று முப்பத்தேழு இருக்கிறதே! தெரிந்தே வரைந்த கூனல் அது. கல்லால் கட்டிய கட்டளை அது. ஆண்டவர்கள் போன மறுமாதமே இந்த நிலையத்தின் ஊழியர்கள் அந்த ஜன்னலை உடைத்து உயர்த்தினார்கள். உயர்த்திய பூச்சு இன்றும் வேறு நிறத்தில் தெரிகிறது. அவர்கள் உயர்த்திய உயரம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? நூற்று முப்பத்தேழு. ஒரு சென்டிமீட்டர் கூடவில்லை, ஒரு சென்டிமீட்டர் குறையவில்லை.

தட்டுங்கள், தட்டுங்கள். அது அவர்களுக்குச் சேரவேண்டியது.

இந்த அளவுகளெல்லாம் எங்கிருந்து வந்தன? நாங்கள் எடுத்தவை. நானும் என் மனைவியும். நான் கட்டுமானப் பொறியாளர், அவள் வரைபடக் கலைஞர். இந்த நிலையத்தின் முழு வரைபடத்தைத் தயாரிக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தது.

வேலை தொடங்கிய மூன்றாம் நாள். இரண்டாம் நடைமேடையில் நாடாவை நீளமாக விரித்துப் போட்டிருந்தோம். துணிநாடா. சுமைவண்டி ஒன்று வந்து அதன் முனையில் ஏறிவிட்டது. முனை கிழிந்து நூல்நூலாகிவிட்டது. வண்டி தள்ளிவந்த அண்ணன் எங்களைத்தான் திட்டினார்.

"ஸ்டேஷன்ல நாடாவ விரிச்சுப் போட்டுட்டு, வண்டி வராதுன்னு நெனச்சா எப்படிம்மா?"

அவள் சொன்னாள்: "வரும்னு தெரியும்ண்ணே. தண்டவாளத்துல வரும்னு நெனச்சுட்டோம்."

அந்த அண்ணன் இதோ தூணோரம் நின்று சிரிக்கிறார். ஆமாம், நீங்கள்தான்.

நான் புது நாடா வாங்கலாம் என்றேன். அவள் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். கிழிந்த முனையை, சரியாகப் பத்து சென்டிமீட்டர் கோட்டில், நேராக வெட்டினாள்.

"எதுக்குப்பா புதுசு? குறைஞ்சா என்ன, எவ்ளோ குறைஞ்சுதுன்னு தெரியுதுல்ல?"

அன்று முதல் எங்கள் நாடா பூஜ்யத்தில் தொடங்காது. பத்தில் தொடங்கும். வேலை இப்படி நடக்கும்: தொடக்க முனையைச் சுவரில் வைத்து அவள் "பத்து!" என்று குரல் கொடுப்பாள். மறுமுனையில் நான் எண்ணைப் படித்துச் சொல்வேன். அவள் அதைத் திருப்பிச் சொல்வாள். நான் அதிலிருந்து பத்தைக் கழித்து ஏட்டில் எழுதுவேன். சொல்வது, திருப்பிச் சொல்வது, கழிப்பது, எழுதுவது. நான்கு மாதத்தில் இரண்டாயிரத்து முந்நூறு அளவுகள்.

ஒருநாள் எனக்குச் சலித்துவிட்டது.

"பத்து பத்துன்னு எத்தன வாட்டி சொல்லுவ? எனக்கென்ன மறந்தா போயிடும்?"

"உனக்கு மறக்காது. கைக்கு மறந்துடும். அதுக்குத்தான் சொல்றேன். இப்போ எண்ணச் சொல்றியா, இல்ல நான் வீட்டுக்குப் போகவா?"

"பதினெட்டு அம்பத்திரண்டு."

"பதினெட்டு அம்பத்திரண்டு. கழிச்சுக்கோ."

அது இந்த மண்டபத்தின் அகலம், தரைமட்டத்தில். கழித்தால் பதினெட்டு மீட்டர் நாற்பத்திரண்டு. அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர் வரை. இந்த எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள்: பதினெட்டு நாற்பத்திரண்டு.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் மனைவி இறந்துபோனாள். காய்ச்சல். ஒன்பது நாள்.

வேண்டாம், எழுந்து நிற்க வேண்டாம். உட்காருங்கள். நன்றி.

வேலையில் பாக்கி இருந்தது ஒன்றுதான். மேல்மட்டத்தில், தரையிலிருந்து பன்னிரண்டு மீட்டர் உயரத்தில், மண்டபத்தின் அகலம். விளக்கு மாட்டுவதற்காகச் சுவருக்குச் சுவர் ஓர் இரும்பு நடைபாலம் இருக்கிறது, மேலே தெரிகிறது பாருங்கள். அடுத்த மாதம் நான் தனியாக அதில் ஏறினேன். எங்கள் பழைய நாடா அவளுடைய பையில் இருந்தது. பை அவளுடைய அம்மா வீட்டில் இருந்தது. கடையில் புது நாடா வாங்கினேன். தெற்குச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. நாடாவின் வளையத்தை அதில் மாட்டிவிட்டு வடக்குச் சுவருக்கு நடந்தேன். எண்ணைப் படித்தேன். ஏட்டில் எழுதினேன். இறங்கினேன்.

மேலே பதினெட்டு முப்பத்திரண்டு. கீழே பதினெட்டு நாற்பத்திரண்டு. ஆக, மேலே பத்து சென்டிமீட்டர் குறைகிறது. தெற்குச் சுவரின் பூச்சில் ஏற்கெனவே ஒரு விரிசல் உண்டு. விரிசலையும் பத்தையும் சேர்த்தேன். சுவர் உள்ளே சாய்கிறது, மண்டபம் ஆபத்து, இடிக்கலாம். பக்கம் நாற்பத்தொன்று. கையெழுத்து. தூக்குக்குண்டு தொங்கவிட்டு அன்றே சரிபார்த்திருக்க வேண்டும். எந்தப் பொறியியல் மாணவனும் அதைச் செய்வான். நான் செய்யவில்லை.

அறிக்கையைப் பலகையில் ஒட்டிய வாரம், வாசலில் இருக்கும் தேநீர்க்கடையில் ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். இந்த நிலையத்தின் விளக்குகளெல்லாம் அவர் பொறுப்பு. பெயரைச் சொன்னால் இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது, ஏணியக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். இதோ, சொன்னதுமே கைதட்டுகிறார்கள்! அக்கா, எழுந்து நில்லுங்கள். வெட்கப்படுகிறார். என்னை விரட்டும்போது வெட்கமே இல்லை.

"ஏன் சார், சுவரு சாஞ்சிருக்குன்னு எழுதிட்டீங்களாமே?"

"ஆமாக்கா."

"எவ்ளோ?"

"பத்து சென்டிமீட்டர். உள்பக்கமா."

"அப்போ கம்பி தொங்கணுமே?"

இரண்டு சுவர்களையும் பிடித்திழுத்துக் கட்டியிருக்கும் இரும்புக் கம்பிகளைச் சொல்கிறார். மேலே, ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒன்று. சுவர் உள்ளே வந்தால் கம்பி தளர்ந்து தொங்கத்தான் வேண்டும். நான் சொன்னேன்:

"கண்ணுக்குத் தெரியாதுக்கா."

"கண்ண விடுங்க சார். நான் மாசாமாசம் அந்தக் கம்பில வௌக்கு மாட்டுறவ. ஸ்பேனரால ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டுத்தான் மாட்டுவேன். தொங்குற கம்பி தொப்புன்னு சொல்லும். இது பள்ளிக்கூட மணி மாதிரி கணீர்னு கேக்குது."

"கணக்குன்னு ஒண்ணு இருக்குக்கா."

"இருக்கட்டும் சார். கம்பியும்தான் இருக்கு. அதையும் ஒரு வார்த்த கேக்கலாம்ல?"

நான் தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அத்தை, என் மனைவியின் அம்மா, வீட்டுக்கு வந்தார். இங்கேதான் இருக்கிறார், மூன்றாம் வரிசை. கையில் அந்தப் பை.

"மாப்ள, பதினோரு மாசமா இதத் திறக்கல. உங்க வேல சாமான்தான் உள்ள இருக்கும்போல. நீங்களே வச்சுக்குங்க."

திறந்தேன். பென்சில், கத்தரிக்கோல், நாடா. அத்தை நாடாவின் முனையை இழுத்துப் பார்த்தார்.

"என்ன மாப்ள இது, மொனையக் காணோம்?"

"இது பத்துல ஆரம்பிக்கும் அத்தை."

"அப்போ அளந்துட்டு பத்தக் கழிக்கணுமா?"

"கழிக்கணும்."

சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் எனக்கே கேட்டது.

ஏட்டை எடுத்தேன். கடைசிப் பக்கம். என் கையெழுத்தில் தெளிவாக இருக்கிறது: பதினெட்டு நாற்பத்திரண்டு, கழித்தல் பத்து, பதினெட்டு முப்பத்திரண்டு. புது நாடா பூஜ்யத்தில் தொடங்கும் நாடா. அதில் கழிக்க எதுவும் இல்லை. ஆணி என்னிடம் "பத்து" என்று சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. ஆனாலும் கழித்திருக்கிறேன். கைக்கு மறந்துவிடும் என்று அவள் சொன்னாள். இரண்டாயிரத்து முந்நூறு அளவுகளில் அவள் தவறாகச் சொன்னது அது ஒன்றுதான். கைக்கு மறக்கவே இல்லை.

சபையோரே! சுவர் சாயவில்லை. விரிசல் வெறும் பூச்சில்தான். பத்து சென்டிமீட்டர் இந்தக் கல்லில் இல்லை, என் கையில் இருந்தது. நூற்று முப்பது ஆண்டுகளாக நிமிர்ந்து நிற்கும் சுவரைக் குனிந்து நிற்கிறது என்று எழுதியவன் நான். நிமிர்ந்த முதுகைக் கூனல் என்று சொல்ல, அந்த மூன்றாம் வகுப்பு ஜன்னலை வரைந்தவர்தான் வேண்டும் என்பதில்லை. என்னைப்போல் ஒருவன் கணக்கில் தவறினாலும் போதும்.

மறுநாள் காலையே மேலே ஏறி அளந்தேன். பதினெட்டு நாற்பத்திரண்டு. நகரமன்ற அலுவலகத்துக்குத் திருத்தம் கொண்டுபோனேன். எழுத்தர் நல்ல மனிதர், நாற்காலி போட்டார். "அடுத்த கூட்டத்துல வச்சிடலாம் சார்" என்றார். அடுத்த கூட்டம் எப்போது? வரும் வியாழன். இடிப்பது? திங்கள். வியாழக்கிழமை என் திருத்தத்தை எந்தச் சுவரில் ஒட்டுவார்கள்?

சிரிப்பு வருகிறது, எனக்கும் வந்தது. ஆகவேதான் இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன். இடிப்பு ஆணையில் கையெழுத்திட்ட குழுவுக்கும் நம் அவைத்தலைவர் நீதிபதி ஐயாதான் தலைவர், இதோ அமர்ந்திருக்கிறார். நிறுத்தும் பேனாவும் அவருடையதுதான். என் சொல்லை நம்பவேண்டாம், ஐயா. ஒருமுறை நம்பியாயிற்று. கண்ணை நம்புங்கள்.

இந்தக் கயிற்றை இன்று காலை ஏணியக்கா மேலே கட்டினார். சுவரிலிருந்து சரியாக இருபது சென்டிமீட்டர் தள்ளிக் கட்டியிருக்கிறார். குண்டு நேர்கீழே தொங்குகிறது. என் அறிக்கை உண்மையானால், சுவரின் மேற்பகுதி பத்து சென்டிமீட்டர் உள்ளே வந்திருக்கவேண்டும். அப்படியானால் இங்கே, கீழே, சுவருக்கும் கயிற்றுக்கும் இடையே முப்பது இருக்கும். சுவர் நேராக நின்றால் மேலே இருந்த அதே இருபது இருக்கும். முப்பது வந்தால் இடியுங்கள். இருபது வந்தால்?

ஆம். சரியாகச் சொன்னீர்கள்.

அக்கா, மேடைக்கு வாருங்கள். இந்த நாடாவின் முனையைச் சுவரில் வையுங்கள். என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேனே? சத்தமாக. கடைசி வரிசைக்குக் கேட்கட்டும்.

கேட்டதா? "பத்து!" என்கிறார்.

நான் படிக்கிறேன். முப்பது.

அங்கே ஓர் அம்மா, "ஐயோ, முப்பதா!" என்கிறார். அம்மா, அக்கா சொன்ன சொல்லை மறந்துவிட்டீர்களே. இது எந்த நாடா? பத்தில் தொடங்கும் நாடா. இதற்கு மட்டும் கழிக்கவேண்டும். இதற்கு மட்டும்தான் கழிக்கவேண்டும். முப்பதில் பத்து போனால்?

இருபது!

ஐயா, இது பொறியாளன் காட்டும் வித்தை என்று நாளை யாரும் சொல்லக்கூடாது. இதோ புது நாடா. பூஜ்யத்தில் தொடங்குவது. தாங்களே எழுந்துவந்து, தங்கள் கையாலேயே அளக்கவேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், அவசரமில்லை, வண்டிக்கு இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது. மெதுவாக. கயிறு ஆடாமல்.

இருபது என்கிறார் ஐயா.

சபையோரே, எனக்காக ஒன்று செய்யுங்கள். எங்கள் தொழிலில் ஒருவர் எண்ணைச் சொன்னால் மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அப்போதுதான் அது ஏட்டில் ஏறும். பதினோரு மாதமாக நான் சொன்ன எண்ணை யாரும் திருப்பிச் சொல்லவில்லை. அதனால்தான் ஒரு மண்டபமே போகப்பார்த்தது. ஐயா சொன்னது இருபது. ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்.

இருபது.

சுமைதூக்கும் தோழர்கள் பக்கம் கேட்கவில்லை.

இருபது. நன்றி. எழுதிக்கொண்டேன்.

ஐயா பேனாவைத் திறந்துவிட்டார். ஆணையின் ஓரத்தில் எழுதுகிறார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கக்கூடாது.

'இடிப்பு நிறுத்தப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். தேதியும் போட்டிருக்கிறார். எனக்கு எதிரான விசாரணைக்கும் ஆணையிட்டிருக்கிறார். முறையானதுதான். அதற்கும் நான் இதே நாடாவோடு வருவேன்.

தவறு செய்தவனைக் கடைசிவரை கேட்ட உங்கள் பொறுமைக்கு என் நன்றி. கம்பியைக் கேட்ட அக்காவுக்கு நன்றி. பையைத் திறக்காமல் வைத்திருந்து, திறக்கவேண்டிய வாரத்தில் கொண்டுவந்த அத்தைக்கு நன்றி. எட்டாம் சட்டத்தைப் பார்த்து ஒன்பதாம் சட்டத்தை அடித்த கைகளுக்கும், ஜன்னலை உயர்த்திய கைகளுக்கும் நன்றி.

ஐந்தே முக்கால் வண்டி வந்துவிட்டது, கேட்கிறது. பயணிகள் கிளம்பலாம். இந்த வாசல் வழியாகவே போங்கள். செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போதும் இதே வாசல் இருக்கும்.

அக்கா, முனையை விட்டுவிடலாம். நான் சுருட்டிக்கொள்கிறேன்.

வணக்கம்.